இன்கோயேட்: தொடங்கியும் முடியாதது

1
இந்தக் கதை ஓர் ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. ‘இன்கோயேட்’. இப்போதுதான் தொடங்கியது, இன்னும் முழு உருவம் பெறாதது என்கிறது அகராதி. தெளிவாகாத எண்ணம், கோபம், ஆசை எல்லாவற்றுக்கும் அதைப் போடலாம். முயன்றும் முடிவடையாத குற்றங்களுக்குச் சட்டத்திலும் அதே சொல்தான். நான் வசந்த காலத்தில் ஏலெவலை, அதாவது பள்ளியின் கடைசிப் படிப்பை, பாதியில் விட்டேன். ‘தோற்றவள்’ என்ற சொல்லோடு மாதக்கணக்கில் படுத்து எழும்பியவளுக்கு இது எவ்வளவு ஆறுதல்!

2
முதல் தொடக்கம்: ‘மழை பெய்துகொண்டிருந்த ஒரு…’ வேண்டாம். லண்டனில் அது செய்தியே அல்ல.

இரண்டாவது: சனிக்கிழமைகளில் அம்மா ரெய்னர்ஸ் லேனில் டியூஷன் வகுப்பு வாசலில் காரை நிறுத்துவார். நான் உள்ளே போவதில்லை. நான் இன்னும் படிக்கிறேன் என்று ஆட்கள் நம்ப, எங்கள் கார் நிற்பதைக் கண்டால் போதும்.

(ஏன் படிப்பை விட்டேன்? வகுப்பில் எழுந்து பேசச் சொன்னால் எனக்கு வாக்கியம் பாதியில்… பிறகு எழுதுகிறேன்.)

3
“ஆரும் கேட்டா நான் இன்கோயேட் எண்டு சொல்லுங்கோ அம்மா.”

“அதென்ன, ஏதும் வருத்தமோ, நோயோ?”

“இல்லை. தொடங்கியாச்சு, இன்னும் உருவாகேல்லை எண்டு அர்த்தம்.”

“ரொட்டிக்குக் குழைச்ச மா. இன்னும் தட்டேல்லை.”

அகராதிக்காரர் அம்மாவைக் கேட்டிருக்கலாம்.

4
ஒரு சனிக்கிழமை கார்க் கண்ணாடியில் தட்டும் சத்தம். அம்மாவோடு கோயிலுக்குப் போகும் நகுலேஸ்வரி அன்ரி.

“என்ன தவநாயகி, பிள்ளை வகுப்புக்குப் போகேல்லையோ?”

இந்த இடத்துக்கு, ‘தலையிடி’ என்று அம்மா சொல்வதாக ஒருமுறை எழுதினேன். நன்றாகவே வந்தது, அம்மாவுக்கு அப்படிச் சாட்டுச் சொல்லிப் பழக்கம். நடந்தது வேறு.

“இவ ஏலெவலை விட்டிட்டா, அக்கா. இன்கோயேட்.”

அன்ரி பின்கதவைத் திறந்து என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

“என்ரை மகன் அபிஷனும் விட்டிட்டான். அந்தா, வெள்ளைக் காருக்குள்ள படுத்திருக்கிறான். நானும் ஆக்களுக்குக் காட்டத்தான் இங்க நிக்கிறன்.”

(நம்பமாட்டீர்கள். கற்பனை என்றால் நானே வெட்டியிருப்பேன்.)

அம்மா ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தார். சிரித்துச் சிரித்து அன்ரிக்குப் புரையேறியது.

5
“பிள்ளை, இனி என்ன செய்யப்போறீர்?” என்றார் அன்ரி.

முடிவு ஒன்று: நான் தலையைக் குனிகிறேன், அம்மா எனக்காகப் பதில் சொல்கிறார். முடிவு இரண்டு: நான் அழுதுகொண்டே… சீ, அழவில்லை.

“அவளே சொல்லட்டும்,” என்றார் அம்மா.

சொன்னேன். நடுவில் இரண்டு முறை நின்றேன், இருவரும் காத்திருந்தார்கள். என்ன சொன்னேன் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்குப் பசிக்கிறது.