வலப்பக்கம் திரும்பிய புள்ளி

என் கணவர் சைக்கிளில் மாட்டியிருக்கும் ஜிபிஎஸ் கருவி, அவர் போகும் இடத்தை என் செல்போனில் நீலப் புள்ளியாகக் காட்டும். இறக்கத்தில்கூட முப்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாத மனிதர். இன்று காலை அந்தப் புள்ளி வெகுநேரம் ஒரே இடத்தில் நின்றது. பிறகு எழுபது கிலோமீட்டர் வேகத்தில் ஊரை நோக்கிப் பறந்தது.

ஆம்புலன்ஸேதான்! ஃபோன் செய்தேன், எடுக்கவில்லை. இந்த வயதில் இவருக்கு சைக்கிள் ஒரு கேடா? செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று புள்ளியையே பார்த்தேன். முச்சந்தியில் இடப்பக்கம் ஆஸ்பத்திரி, வலப்பக்கம் எங்கள் வீடு.

புள்ளி வலப்பக்கம் திரும்பியது. போன உயிர் திரும்பி வந்தது.

வாசலில் ஒரு சரக்கு வேன் வந்து நின்றது. தக்காளிக் கூடைகளுக்கு நடுவிலிருந்து, செயின் அறுந்த சைக்கிளோடு சிரித்துக்கொண்டே இறங்கினார்.

"ஃபோனை எடுத்தா என்னங்க?"

"வண்டிச் சத்தத்துல கேக்கலைம்மா. கருவியை நிறுத்தவும் மறந்துட்டேன், வேன் போன வேகமெல்லாம் என் கணக்குல ஏறிடுச்சு. இங்க பாரேன், எங்க சைக்கிள் குரூப்ல இன்னைக்கு நான்தான் ஃபர்ஸ்ட்! எல்லாரும் வாழ்த்துறாங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் ஃபோனைப் பிடுங்கி நானே பதில் எழுதினேன்: "சாம்பியன் தக்காளி வண்டியில் பத்திரமாக வந்து சேர்ந்தார்."