மிதந்த கம்பி

கிஸ்லேன் ரொசேருக்குத் தரவேண்டியது முந்நூற்று நாற்பது டாலர். அதைவிட, கனடாவின் கியூபெக்கில் இருவரும் வேலை பார்த்த பாலத் தளத்தில் இரும்புக்குப் பதிலாகக் கண்ணாடி நார்க் கம்பி கட்டும் வேலைக்கு ரொசேரை மேஸ்திரி ஆக்கியதுதான் கிஸ்லேன் வயிற்றை எரித்தது.

"இதென்னடா, தூண்டில் குச்சி மாதிரி!" என்றான் கிஸ்லேன்.

"எடையே இல்லடா. அடிப்பலகையோட சேத்துக் கட்டு, இல்லேன்னா கான்கிரீட்ல மிதக்கும்" என்றான் ரொசேர்.

பொறாமையில் அது காதில் ஏறவில்லை. கான்கிரீட் கொட்டியதும் கிஸ்லேன் கட்டிய வரிசை மட்டும் மேலே எழும்பியது. ரொசேர் கான்கிரீட் பம்பை நிறுத்தி, கம்பியை மிதித்து அமுக்கித் தானே கட்டினான். இன்ஜினியரிடம் மூச்சுவிடவில்லை.

"விடுடா. அந்தக் கடனையும் மறந்துடு" என்றான் ரொசேர்.

அந்தப் பெருந்தன்மையைத்தான் கிஸ்லேனால் தாங்க முடியவில்லை. சம்பளம் வந்ததும் முழுப்பணத்தையும் ரொசேர் கையில் திணித்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் நடந்தான்.