ஜன்னல் வைக்காத கட்டடம்

ஆலை மூடிக் கிடந்தவரை அந்தப் பேட்டையைக் கேட்க நாதியில்லை. புதுப்பிக்கப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டதும், புகைபோக்கிக்கு முன்னால் நின்று படமெடுக்க ஊரே வரிசைகட்டியது. புகைபோக்கி அழகுதான், யார் இல்லையென்றது? அதற்குப் பின்னால் பதுங்கிக் கிடந்த தாழ்வான ஓட்டுக் கட்டடத்தைத்தான் ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

சர்வேயர் பார்த்தாள். அது அவள் வேலை. வைத்துக்கொள்ள வேண்டிய கட்டடத்துக்குப் பச்சை வட்டம் போடுவாள், இடிக்க வேண்டியதற்குச் சிவப்புப் பெருக்கல் குறி. உள்ளே டார்ச் அடித்தாள். ஜன்னல் ஒன்றுகூட இல்லை. கூரையடியில் காற்றுத் துளைகள் மட்டும். உத்தரம் நெடுக இரும்புக் கொக்கிகள். மூட்டை தொங்கவிட்ட கிடங்கு என்று முடிவுகட்டி, கதவில் சிவப்பு அடித்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

வீட்டில் அவளும் அக்காவும்தான். அக்கா அதே ஆலையில் மெஷின் ஓட்டித்தான் அவளைப் படிக்கவைத்தாள். கிடங்கு என்றதும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றது.

"கொக்கியெல்லாம் இன்னும் இருக்கா?"

"துருப்பிடிச்சுப் போய்க் கிடக்கு. ஏன்க்கா?"

"அது கிடங்கு இல்லடி. நாங்க மெஷின்ல நிக்கும்போது பிள்ளைங்களுக்குத் தொட்டில் கட்டின இடம். பகல்ல தூங்கணும்ல, அதான் ஜன்னலே வைக்கல. கொஞ்சம் வெளிச்சம் பட்டாப் போதும், என் பையன் முழிச்சுக்குவான்."

அந்தப் பையனைப் பற்றி அக்கா வாய்திறந்ததே அன்றைக்குத்தான். சர்வேயர் பிறப்பதற்கு முந்திய கதை. காய்ச்சலோடு கிடந்த பிள்ளையைப் பார்க்க இடைவேளை மணி அடிக்கும்வரை விடமாட்டேன் என்றுவிட்டார் மேஸ்திரி. மணி அடித்து அக்கா ஓடிப்போனபோது பிள்ளை உயிரோடு இல்லை. அவனுக்கென்று ஒரு படம்கூடக் கிடையாது.

"கதவுலேர்ந்து நாலாவது கொக்கி" என்று சொல்லிவிட்டு, அக்கா மறுபடி வெங்காயத்தை எடுத்தாள்.

விடிந்ததும் சர்வேயர் பெரிய இன்ஜினியரிடம் போய் நின்றாள். மனுஷன் கெட்டவர் இல்லை. பொறுமையாகத்தான் கேட்டார்.

"எல்லாம் சரிம்மா. ஆனா அதை வெச்சுக்கிட்டு என்ன பண்றது? ஏதாவது உபயோகம் சொல்லு, விட்டுடலாம்."

இடிக்கும் இயந்திரம் வாசலுக்கு வந்துவிட்டது. வாய்க்கு வந்ததைச் சொன்னாள்: காபிக் கடை வைக்கலாம். கொக்கிக்குக் கொக்கி விளக்கு மாட்டினால் பிரமாதமாக இருக்கும் என்று சொன்னதும் அவளேதான். அவர் தலையாட்டிவிட்டார். சிவப்பின் மேல் அவளே பச்சை அடித்தாள். பெரிய காரியம் சாதித்துவிட்ட நினைப்பு அவளுக்கு.

கடை திறந்த அன்று அக்காவைக் கையோடு கூட்டிப்போனாள். உள்ளே கண்ணைப் பறிக்கும் வெளிச்சம். அக்கா கதவிலிருந்து கொக்கிகளைப் பார்த்துக்கொண்டே நடந்து, ஒன்றின் கீழே நின்றாள்.

"இந்த ஒண்ணை மட்டும் அணைக்க முடியுமாம்மா?" என்று பரிமாறும் பெண்ணிடம் கேட்டாள்.

"தனி சுவிட்ச் இல்லம்மா. எல்லாம் ஒரே லைன்."

"சரி, பரவாயில்ல."

சொன்னாளே தவிர நகரவில்லை. விளக்குக்குக் கீழே உள்ளங்கையை விரித்துப் பிடித்தாள், ஒரு முகத்துக்கு நிழல் பிடிப்பதுபோல.

"கண்ணு கூசுமே அவனுக்கு" என்றாள்.

சர்வேயருக்கு அப்போதுதான் உறைத்தது. காப்பாற்றிய இடத்தைத் தன் வாயாலேயே கெடுத்தாயிற்று. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். பல்பு சுட்டது, துப்பட்டாவைச் சுற்றிப் பிடித்துத் திருகினாள். அக்கா நாற்காலியை ஆடாமல் பிடித்துக்கொண்டாள்.

பரிமாறும் பெண் ஓடிவந்தாள். "மேடம், வேற பல்பு மாட்டணுமா?"

"வேண்டாம்!" சர்வேயரின் குரல் கடை முழுக்கக் கேட்டது. "இங்க எப்பவும் எதுவும் மாட்டக் கூடாது."

அக்கா இருட்டிப்போன கொக்கியை அண்ணாந்து பார்த்தபடி தங்கையின் கையைப் பிடித்தாள்.

"மெதுவாப் பேசுடி" என்றாள்.