இரண்டாவது கேன்

மோகனசுந்தரம் சார் என் திரையைப் பார்க்கவே இல்லை. கைபேசியைத் தடவிக்கொண்டே பேசினார்.

"ஆபரேட்டர் தவறுன்னு ஒரு ரிப்போர்ட் எழுதி அனுப்பிரும்மா. கோடிங்கை அடுத்த வெர்ஷன்ல சத்தமில்லாம சரி பண்ணிக்கலாம்."

"பிழை நம்மளுதுங்க சார்."

"தெரியுது. அதை வெளிய சொன்னா, இந்த மெஷின் வாங்கின அத்தன சொசைட்டியும் நாளைக்கு நம்ம வாசல்ல வந்து நிக்கும். அந்த டெஸ்டர் அம்மா உனக்குச் சொந்தமா?"

"இல்லைங்க."

"அப்பறமென்ன?"

எனக்கு ஆள் முகம் பார்த்துப் பேச வராது. அவர் மேசை மேல் ஒரு ஸ்டேப்ளர் இருந்தது. அதைப் பார்த்துச் சொன்னேன்.

"எழுத மாட்டேங்க சார்."

அப்போதுதான் அவர் நிமிர்ந்தார். நான் என் இடத்துக்குப் போய் ஞாயிற்றுக்கிழமை சொசைட்டிக்குப் போகப் பையைத் தயார் செய்தேன்.

எங்கள் கம்பெனி கோயமுத்தூரில் இருக்கிறது. பால் சொசைட்டிகளுக்கு எடை மெஷின் செய்கிறோம். மெஷினுக்குள் ஒரு சிறிய ஆபரேட்டிங் சிஸ்டம் ஓடும். அதில், எடைகளை மெமரி கார்டில் பத்திரமாக எழுதி வைக்கும் பகுதி என் பொறுப்பு. நான் சேர்வதற்கு முன்பே எழுதப்பட்ட நிரல் அது. யாரும் அதைத் தொடுவதில்லை.

புகார் வந்தது கேரள எல்லைக்குள் இருக்கும் வடகரப்பதிப் பக்கத்துச் சொசைட்டி ஒன்றிலிருந்து. காலையில் ஊற்றும் பால் திரையில் சரியாகத் தெரிகிறது, சீட்டும் வருகிறது. மெஷினை அணைத்துவிட்டு மாலையில் மறுபடி போட்டால் ஒரு கேன் பாலைக் காணோம். தினமும் அப்படி நடப்பதில்லை. எப்போதாவதுதான். ஆனால் காணாமல் போவது எப்போதும் நர்மதாவின் பால்.

பதிவை அழிக்கும் பாஸ்வேர்டு, அங்கே பாலைச் சோதித்து அளக்கும் டெஸ்டர் செல்வலட்சுமியிடம் மட்டுமே இருக்கிறது. செல்வலட்சுமியும், நர்மதாவின் மூத்தார் மனைவி ராமாத்தாளும் ஒரே ஊரில் பிறந்தவர்கள். பேசுகிறவர்களுக்கு இது போதும். பதிவை அழித்துவிட்டு அந்தப் பாலை வெளியே விற்கிறாள் என்று சொல்லிவிட்டார்கள்.

"கணக்கை விட டேங்குல பால் கூடத்தான் இருந்துச்சு, பாருங்கன்னு காட்டினேன் அம்மணி," என்றார் செல்வலட்சுமி, நான் முதல் தடவை போனபோது. "நீ தண்ணி ஊத்தியிருப்பேங்கறாங்க. எப்படிப் போனாலும் நான்தான் திருடி."

அதற்குள் நான் ஆபீசில் பல வாரம் தேடிக் களைத்திருந்தேன். சோதனை நிரல் எத்தனை முறை ஓடினாலும் ஒரு பதிவும் தொலையவில்லை. எங்கே தொலைகிறது என்று பார்க்க, மெஷினின் நிரல் ஒவ்வொரு படியிலும் ஒரு வரி எழுதிக் காட்டும்படி மாற்றினேன். அந்த மெஷினைச் சொசைட்டியில் வைத்ததும் புகார் நின்றுவிட்டது. அந்த வரிகளை எடுத்தேன். திரும்ப வந்தது. என் வரிகள் மெஷினின் வேகத்தை மாற்றியிருக்கின்றன என்பது மட்டும் புரிந்தது. அப்படியென்றால், இரண்டு வேலைகள் ஒன்றையொன்று முந்துவதில்தான் கோளாறு. எந்த இரண்டு என்று தெரியவில்லை.

அதனால்தான் நேரில் போனேன். காலைப் பால் வரிசையில், ஓரமாக நின்று பார்த்தேன்.

ராமாத்தாளும் நர்மதாவும் சேர்ந்து வந்தார்கள். பேசிக்கொள்ளவில்லை. அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்து, வீட்டுக்கு நடுவே சுவர் வைத்தாயிற்று. ஆனால் சொசைட்டி உறுப்பினர் எண் இறந்துபோன மாமனார் பெயரிலேயே இருக்கிறது. அதை மற்றவர் பெயருக்கு மாற்ற இருவருமே விடுவதில்லை. ஆகவே இரண்டு கேன், ஒரே எண். மற்றவள் கேனில் என்ன விழுகிறது என்று கண்ணால் பார்க்காமல் இருவராலும் இருக்க முடியாது. நடுவில் வேறு ஆளை விடமாட்டார்கள். மூத்தவள் ஊற்றி முடித்த மறுநொடி இளையவள் ஊற்றுவாள்.

எங்கள் சோதனை நிரல் எண்களை வரிசையாகப் போடும். ஒரே எண்ணை அடுத்தடுத்துப் போடாது. அப்படி யார் ஊற்றுவார்கள் என்று நாங்கள் யோசிக்கவே இல்லை.

மெஷினில் ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒரு பக்கம் உண்டு. பால் விழுந்ததும் ஒரு வேலை அந்தப் பக்கத்தைத் திருத்தி, 'இன்னும் கார்டில் எழுதவில்லை' என்று ஒரு கொடி ஏற்றும். இன்னொரு வேலை, கொடி ஏறிய பக்கத்தைக் கார்டில் எழுதிவிட்டுக் கொடியை இறக்கும். முதல் கேனை எழுதிக்கொண்டிருக்கும்போதே அதே பக்கத்தில் இரண்டாவது கேன் வந்து விழுந்தால்? கொடி ஏற்கெனவே ஏறித்தான் இருக்கிறது. எழுதுகிற வேலை பழையதை எழுதி முடித்து, கொடியை இறக்கிவிட்டுப் போய்விடும். இரண்டாவது கேன் மெஷினை அணைக்கும்வரைதான் உயிரோடு இருக்கும்.

முதலில் கொடியை இறக்கிவிட்டுப் பிறகு எழுதியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. இரண்டு வரிகள் இடம் மாறியிருந்தன, அவ்வளவுதான்.

ஞாயிறன்று பரணசமிதி கூடியது. சொசைட்டி நிர்வாகக் குழுவை அந்தப் பக்கம் மலையாளத்தில் அப்படித்தான் சொல்வார்கள். செல்வலட்சுமியை நீக்குவதற்கான கூட்டம். அவர் கதவோரம் நின்றிருந்தார். மெஷின் பக்கம் வரக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

பிரசிடெண்ட் காளிச்சாமி கல்யாணத்துக்குப் புறப்பட்ட வேட்டியில் இருந்தார்.

"சீக்கிரம் சொல்லு அம்மணி. பந்திக்கு நேரமாகுது."

"மெஷின்தான் தப்புங்க. இதுலயே காட்டறேன்."

ஆபீசில் காட்டுவது சுலபம். எழுதுவதற்கும் கொடி இறக்குவதற்கும் நடுவே கொஞ்சம் தாமதம் சேர்த்தால் ஒவ்வொரு முறையும் தொலையும். ஆனால் நான் கைவைத்த மெஷினை இங்கே யார் நம்புவார்கள்? இவர்களுடைய மெஷினில், இவர்கள் கையாலேயே தொலைய வேண்டும்.

ராமாத்தாளும் நர்மதாவும் கேன்களில் தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

"தண்ணி ஊத்தறது நம்ம சொசைட்டிக்குப் புதுசா என்ன," என்றார் காளிச்சாமி. எல்லோரும் சிரித்தார்கள். பொத்தான்களை அவரையே அழுத்தச் சொன்னேன்.

மூத்தவள் ஊற்றினாள். இளையவள் ஊற்றினாள். அணைத்துப் போட்டோம். இரண்டும் இருந்தன. மறுபடியும் ஊற்றினார்கள். இருந்தன. மறுபடியும். பெஞ்சிலிருந்து ஒருவர் கொட்டாவி விட்டார். காளிச்சாமி கடிகாரத்தைப் பார்த்தார்.

"போதும் கண்ணு. மெஷின் நல்லாத்தான் இருக்குது."

"நீங்க கல்யாணத்துக்குப் போறதுன்னா போங்க. வர்ற வரைக்கும் நான் ஊத்தச் சொல்லிட்டேதான் இருப்பேன்."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் போகவில்லை.

அடுத்த முறை மெஷின் திரும்ப எழுந்தபோது இரண்டாவது கேன் இல்லை.

"பாத்தீங்களா!" நர்மதா கத்தினாள். "என்றதுதான் போச்சு! அவளது போகுதா பாருங்க. செல்வி ஏதோ செட் பண்ணி வெச்சிருக்கா."

பெஞ்சில் தலைகள் ஆடின. இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு நொடி பஸ் ஏறிப் போய்விடலாம் என்று தோன்றியது.

"நர்மதாக்கா, நீங்க மொதல்ல ஊத்துங்க," என்றேன். "ராமாத்தாக்கா பொறகு."

எல்லோரும் ராமாத்தாள் பக்கம் திரும்பினார்கள்.

"நானா? இவளுக்குப் பொறகா?" ராமாத்தாள் கேனைத் தரையில் வைத்தாள். "நான் அந்த ஊட்டுக்கு வாக்கப்பட்டு வந்தப்ப இவ பள்ளிக்கூடம் போயிட்டிருந்தா. வாழ வந்த நாள்ல இருந்து நான்தான் மொதல்ல ஊத்தறேன்."

"எனக்கொண்ணும் மொதல்ல ஊத்தோணும்னு ஆசையில்லை," என்றாள் நர்மதா. ஆனால் கேனைத் தூக்கிவிட்டாள்.

"தெரியுங்கக்கா," என்றேன் ராமாத்தாளிடம். இந்த முறை முகத்தைப் பார்த்தேன். "அதனாலதான் எப்பவும் சின்னவங்களுது போகுது. ரெண்டாவதா யாரு ஊத்தினாலும் போகும். நீங்க பின்னால நிக்கலைன்னா இன்னிக்குச் செல்வியக்கா வேலை போயிரும். உங்க ஊர்க்காரங்கதானே?"

ராமாத்தாள் கதவோரம் பார்த்தாள். செல்வலட்சுமி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"தண்ணிக்குத்தான் பின்னால நிக்கறேன்," என்றாள் ராமாத்தாள். "பாலுக்கு இல்ல. எல்லாரும் கேட்டுக்கோங்க."

ஊற்றினார்கள். இருந்தது. காளிச்சாமி இப்போது கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அவரே, "இன்னொருக்கா," என்றார். ஊற்றினார்கள். தரை முழுக்க ஈரம். அறைக்கு வெளியே கல்யாண வேன் ஹாரன் அடித்து ஓய்ந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் மெஷினைச் சுற்றி வந்து நின்றார்கள்.

அணைத்துப் போட்டார். திரை எழுந்தது. நர்மதாவின் கேன் இருந்தது. ராமாத்தாளுடையது இல்லை.

"என்ற பால் எங்கீங்க?" என்றாள் ராமாத்தாள்.

"அது தண்ணி, அக்கா," என்றாள் நர்மதா. பாகம் பிரித்த பிறகு அவள் அக்கா என்று கூப்பிட்டது அன்றைக்குத்தானாம். அதைப் பிறகு மற்றவர்கள் சொன்னார்கள். அன்று யாரும் கவனிக்கவில்லை.

கதவோரத்திலிருந்து செல்வலட்சுமி கேட்டார்.

"ஏனுங்க பிரசிடெண்டு, அழிக்கறதுக்குப் பாஸ்வேர்டு யாருங்க குடுத்தது உங்களுக்கு?"

காளிச்சாமி பொத்தான் மேலிருந்த விரலை எடுத்தார். சிரிப்பு வந்தது, ஆனால் இந்த முறை அவர் சேரவில்லை.

"சரி, சரி. எனக்கு வாய்ப்பேச்சு ஆகாது அம்மணி. கம்பெனி பேர்ல எழுதிக் குடு."

ஈரமில்லாத மேசை ஒன்று தேடி உட்கார்ந்தேன். முதல் வரி எழுதும்போதே கைபேசி அடித்தது. மோகனசுந்தரம் சார். யார் கூப்பிட்டாலும் நான் எடுக்கமாட்டேன், மெசேஜ்தான் போடவேண்டும் என்பது ஆபீசில் எல்லோருக்கும் தெரியும். அவர் நிறுத்தாமல் அடித்தார். யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

எழுதி முடித்தேன். கீழே என் முழுப் பெயர், பிரதீபா என்று தமிழில் போட்டு, கம்பெனி பெயரும் போட்டேன். பிறகு எடுத்தேன்.

"எங்கம்மா இருக்கே?"

"சொசைட்டியிலங்க சார். ரிப்போர்ட் கேட்டீங்கல்ல, எழுதிட்டேன். படிக்கட்டுங்களா?"

அவர் பதில் சொல்வதற்கு முன் படித்தேன். பதிவுகள் தொலைவது எங்கள் மெஷினில் உள்ள பிழை. டெஸ்டர் செல்வலட்சுமி எந்தப் பதிவையும் அழிக்கவில்லை. எல்லோருக்கும் கேட்கும்படி, மெதுவாக, இரண்டு முறை படித்தேன்.