நின்றபடி ஒரு எக்ஸ்ரே

"ஒண்ணும் இல்ல" என்று சொன்னால் ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் போன உயிர் திரும்பி வரும். பஸ் அக்காவுக்கு மட்டும் பற்றிக்கொண்டு வந்தது. தான் ஓட்டும் பள்ளிக்கூட பஸ்ஸிலிருந்து இறங்கும்போது வலது கால் படியில் மாட்டி முறுக்கிக்கொண்ட அன்றைக்கு எடுத்த எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. வீக்கம் வடிந்தும் வலி வடியவில்லையே என்று மறுபடி வந்து எடுத்ததிலும் ஒன்றும் இல்லை. எலும்பு நன்றாக இருக்கிறது, சுளுக்குதான், நடக்க நடக்கச் சரியாகிவிடும் என்று அனுப்பிவைத்தார்கள். அவளும் நடந்து பார்த்தாள். ஒவ்வொரு அடிக்கும் பாதத்தின் நடுவில் யாரோ குச்சியை விட்டுக் குடைவது போலிருந்தது.

அந்த "ஒண்ணும் இல்ல" வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் வேறு அர்த்தம் எடுத்துக்கொண்டது. பஸ் அவளுடைய அண்ணனுடையது. ஓட்டுவது தங்கை, பள்ளிக்கூடத்தோடு ஒப்பந்தம் பேசுவது அண்ணன். "டாக்டரே ஒண்ணும் இல்லன்னுட்டாரு. இவளுக்குக் காலை நீட்டி உக்காந்து சொகம் கண்டுபோச்சு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். நல்லவேளை, விடுமுறை நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகளை ஏற்ற வேண்டியிருக்கவில்லை.

விடுமுறை முடிந்து நாளைக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறது. ஒத்திகை பார்க்கலாமே என்று நேற்று காலி பஸ்ஸை எடுத்துக் கொட்டகையை விட்டு வெளியே கொண்டுவந்தாள். பிரேக்கை அழுத்தினாள். அழுத்தினாள் என்றா சொன்னேன்? அழுத்தப் பார்த்தாள். கால் பேச்சைக் கேட்டால்தானே! பாதம் பாதி வழியில் மடங்கிக்கொள்ள, பஸ் உருண்டுபோய் மதிலில் முட்டி நின்றது. அண்ணன் ஓடிவந்தான். முதலில் பம்பரைக் குனிந்து பார்த்தான், பிறகு மதிலைப் பார்த்தான், தங்கையின் காலைப் பார்க்கவே இல்லை.

"வேணும்னே மோதுறியா?" என்றான்.

அவள் மதிலைப் பார்த்தாள். மதிலாக இருந்ததால் போயிற்று. பின்னால் பஸ் நிறையப் பிள்ளைகளும் முன்னால் ஒரு நாற்சந்தியும் இருந்திருந்தால்?

"இந்தக் காலோட நான் பிள்ளைங்களை ஏத்த மாட்டேன்ண்ணா. வேற ஆளைப் பாருங்க."

"வேற ஆளு என்ன மரத்துலயா காய்க்குது? பஸ் போகலைன்னா அவங்க வேற பஸ்ஸைப் பாத்துக்குவாங்க. நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு வா, நானும் வரேன். டாக்டர் சொல்றதை என் காதாலயே கேக்குறேன். ஒண்ணும் இல்லன்னா, மறுநாள் காலையில நீதான் வண்டி எடுக்கிற."

ஆக, எக்ஸ்ரே அறை வாசலில் மூன்று பேரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவள், அவளுக்குத் தோள் கொடுத்துக் கூட்டிவந்த கணவன், அண்ணன். வரிசை நடைபாதையின் வளைவு வரைக்கும் நீண்டிருந்தது. கட்டுப்போட்ட கையைக் கழுத்துத் தூளியில் தொங்கவிட்ட ஒரு பெரியவர் அவர்களுக்கு அடுத்தபடி.

எக்ஸ்ரே எடுக்கும் அம்மாள் சீட்டை வாங்கிப் பார்த்தாள். "மறுபடியுமா? வாங்க, மேல ஏறிப் படுங்க. காலை இப்படி வைங்க."

பஸ் அக்கா மேசையைப் பார்த்தாள். இரண்டு தடவையும் அதன்மேல்தான் படுத்தாள். படுத்தபோது கால் எவ்வளவு சுகமாக இருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது. ஐயோ, இதுவா விஷயம்!

"படுக்க மாட்டேன்" என்றாள்.

"என்னம்மா?"

"படுத்துக்கிட்டா நான் பஸ் ஓட்டுறேன்? படுத்தா எனக்கு வலியே இல்ல. பாரம் வெச்சாத்தான் வலிக்குது. வலிக்காதப்ப எடுத்துட்டு ஒண்ணும் இல்லன்னா எப்படி? நிக்க வெச்சு எடுங்க."

"நின்னும் எடுக்கலாம்தான். ஆனா சீட்டுல அப்படி எழுதலையேம்மா. என் இஷ்டத்துக்கு எடுக்க முடியாது."

"அப்ப எழுதுனவரைக் கூப்பிடுங்க."

"வெளியில கூட்டத்தைப் பாத்தீங்கல்ல? எனக்குத் தலைக்கு மேல வேலை கிடக்கு."

"எனக்கும்தான். நாளைக்கு ஒரு பஸ் பிள்ளைங்க என் காலை நம்பி ஏறுவாங்க. டாக்டர் வர்ற வரைக்கும் இந்த இடத்தை விட்டு அசைய மாட்டேன்."

திறந்திருந்த கதவு வழியே அண்ணன் எட்டிப் பார்த்தான். விஷயம் புரிந்ததும் அவன் போட்ட சத்தத்தில் நடைபாதையே நிமிர்ந்து உட்கார்ந்தது. "பாத்தீங்களா இவ நடிப்பை? மாப்ள, உன் பொண்டாட்டிக்கு நீயாவது புத்தி சொல்லு. மானம் போகுது!"

கணவன் அதிர்ந்து பேசத் தெரியாதவன். "மச்சான், ராத்திரி தூக்கத்துல முனகுறாளே, அதையும் நடிக்கிறாளா?" என்றான். அவன் மச்சானை எதிர்த்துப் பேசியதைக் கேட்டு அவளே ஒரு நிமிடம் வலியை மறந்துபோனாள்.

தூளிக்காரப் பெரியவர் பொறுக்கமாட்டாமல் குரல் கொடுத்தார். "அட, நிக்க வெச்சுத்தான் எடுத்துப் பாருங்களேன்! படம் என்ன சண்டைக்கா வரப்போகுது?"

எக்ஸ்ரே அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போனை எடுத்தாள். சற்று நேரத்தில் எலும்பு டாக்டர் விடுவிடுவென்று வந்தார். திட்டப்போகிறார் என்று பஸ் அக்கா மனசைக் கெட்டிப்படுத்திக்கொண்டாள். அவர் திட்டவில்லை. உட்காரச் சொல்லி, பாதத்தின் நடுவில் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினார். அவள் துள்ளி விழுந்தாள். டாக்டர் முகம் மாறியது.

"நிக்க வெச்சு எடுங்க. ரெண்டு காலையும்" என்று சீட்டில் எழுதினார். பிறகு அவளிடம், "முதல் தடவை உங்களால நின்னிருக்க முடியாது. ரெண்டாவது தடவை நிக்க வெச்சு எடுக்கச் சொல்லி நான் எழுதியிருக்கணும். என் தப்புதான்" என்றார்.

பலகை ஒன்றைத் தரையில் போட்டு, அதன்மேல் படம் பதிகிற தட்டை வைத்தாள் எக்ஸ்ரே அம்மாள். "ரெண்டு காலாலயும் ஏறி நில்லுங்க. யாரையும் பிடிக்கக்கூடாது. பாரத்தை நல்ல காலுக்கு மாத்திடாதீங்க, படம் ஏமாத்திடும்."

கணவனின் தோளை விட்டாள். இடது காலை நம்பியே பழகிய உடம்பை இழுத்து வலது காலுக்குத் தள்ளினாள். கண்ணில் பூச்சி பறந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். வலியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இதிலும் ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டால்? அந்தப் பயம்தான் வலியைவிடப் பெரிதாக இருந்தது. உயிரே போனாலும் சரி, இந்தப் படத்தில் கள்ளத்தனம் இருக்கக் கூடாது என்று இன்னும் கொஞ்சம் அழுத்தி நின்றாள்.

"அசையாதீங்க... அவ்வளவுதான். உக்காருங்க, உக்காருங்க."

திரையில் இரண்டு பாதங்களும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. டாக்டர் அண்ணனையும் உள்ளே கூப்பிட்டுக் காட்டினார். இடது பாதத்தில் எலும்புகள் நெருக்கமாக ஒட்டி நின்றன. வலது பாதத்தில், கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் பின்னால் ஓர் இடைவெளி. படிக்காதவனுக்கும் தெரிகிற இடைவெளி.

"இதுங்களைச் சேத்துக் கட்டியிருக்கிற நார் அறுந்திருக்கு. படுத்தா சேந்துக்குது, பாரம் வெச்சா விலகுது. ஆபரேஷன் பண்ணி ஸ்குரு போடணும். அப்புறமும் மாசக்கணக்கா இந்தக் காலால எதையும் அழுத்தக்கூடாது."

"அப்பாடா!" என்று பஸ் அக்கா சிரித்தாள். வாய்விட்டு, கண்ணில் நீர் வர.

"ஆபரேஷன்னதும் சிரிக்கிற ஆளை இப்பத்தான் பாக்குறேன்" என்றாள் எக்ஸ்ரே அம்மாள்.

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "அப்ப நாளைக்கு..." என்று இழுத்தான்.

"நாளைக்கு பஸ் வராதுன்னு பள்ளிக்கூடத்துக்குச் சொல்லுங்க. இப்பவே. என் முன்னாடியே சொல்லுங்க" என்றாள் பஸ் அக்கா.

சொன்னான். மென்று விழுங்கித்தான் சொன்னான், ஆனாலும் சொன்னான். பேசி முடித்த பிறகு, போனை எங்கே வைப்பது என்று தெரியாதவன்போலக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

கணவன் போய்ச் சக்கர நாற்காலி ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தான். அவளை உட்காரவைத்து நடைபாதைக்குக் கொண்டுவந்தார்கள். வலது பாதம் கால்தாங்கியில் சரியாக நிற்காமல் நழுவியது. அண்ணன் வரிசைக்கு நடுவிலேயே மண்டியிட்டு உட்கார்ந்தான். அந்தக் காலை இரண்டு கையாலும் மெதுவாகத் தூக்கி வைத்தான்.

"ரொம்ப வலிக்குதாம்மா?" என்றான்.

விடுமுறை முழுக்க, ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒரு தடவைகூட அவன் கேட்காத கேள்வி அது. படம் வந்த பிறகு கேட்கிறான். அவளுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆங்காரம் வந்ததோ தெரியவில்லை. பிறந்ததிலிருந்து அண்ணனிடம் 'நீங்க'வைத் தாண்டிப் பேசியறியாதவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"வலிக்குதுடா" என்றாள், நடைபாதையின் வளைவு வரைக்கும் கேட்கும்படி. "நேத்தும் வலிச்சுதுடா. முந்தாநாளும் வலிச்சுது. படம் எடுக்கிறதுக்கு முன்னாடியும் வலிச்சுது, நான் சொன்னப்பவும் வலிச்சுது!"

வரிசை மொத்தமும் அண்ணனையே பார்த்தது. அவன் நிமிரவில்லை. அவளுடைய காலைப் பிடித்தபடி, "ம்... ம்..." என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான்.