இஸ்திரி போட்ட சட்டை

முடியாதவரை வீட்டில் இருந்து பார்த்துக்கொள்கிறவருக்கு அரசாங்கம் தரும் உதவித்தொகைக்காக விசாரிக்க, ஆபீசர் காலையில் வருவதாகச் சொல்லியிருந்தார். வீட்டுக்கு ஆள் வருகிறது என்றால் தங்கைக்குக் கை சும்மா இருக்குமா? அண்ணனைக் குளிப்பாட்டி, சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, தலையணை முட்டுக்கொடுத்து நாற்காலியில் உட்கார வைத்தாள். மூத்திரப் பையைப் போர்வைக்குள் மறைத்தாள். மனிதர் மாப்பிள்ளை மாதிரி இருந்தார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

"நல்லாத்தானே இருக்கீங்க சார்," என்றார் ஆபீசரம்மா.

"எனக்கென்ன, என் வேலைய நானே பாத்துப்பேன்." பக்கவாதம் பாதி உடம்பை எடுத்துக்கொண்டாலும், பஸ்ஸையே அதட்டிய அந்தக் கண்டக்டர் வாயை விட்டுவைத்திருந்தது.

"நீங்க வேலைக்குப் போறீங்களாம்மா?"

"இல்ல மேடம், வீட்ல சும்மாதான் இருக்கேன்." யார் கேட்டாலும் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில், தானாக வந்துவிட்டது.

ஆபீசரம்மா பேனாவை மூடினார். பணம் வராவிட்டால் தங்கை தையல் கம்பெனிக்குத் திரும்பியாக வேண்டும், அண்ணனை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு. அந்தப் பூட்டை நினைத்தாலே அவளுக்குப் பயம். அட, வாயைத் திறந்து சொல்லேன் பெண்ணே! எப்படிச் சொல்வாள்? அந்நிய மனுஷி முன்னால் அண்ணன் மானம் போய்விடாதா?

அண்ணனுக்கோ வீறாப்பு ஏறிவிட்டது. விருந்தாளிக்கு வைத்த தண்ணீரை நல்ல கையால் எடுத்தார்.

"அண்ணா, வேணாம்..."

மடக்கென்று குடித்துவிட்டார். தண்ணீர் போகக்கூடாத வழியில் போனது. முகம் கறுத்தது, கண் பிதுங்கியது, சத்தமே வரவில்லை. ஆபீசரம்மா சுவரோடு ஒட்டிக்கொண்டார். தங்கை அண்ணனை முன்னால் சாய்த்துப் பிடித்து முதுகில் தட்டினாள். போயிட்டாரா, போயிட்டாரா என்று மறுபடி மறுபடி தட்டினாள். ஒருவழியாக இருமல் வந்தது. சட்டை நனைந்து, போர்வை நழுவி, பை தெரிந்தது.

"வெறும் தண்ணிதானே குடிச்சாரு?"

"தண்ணில பவுடர் போட்டுக் கெட்டியாக் கலக்கி, தாடைய நெஞ்சோட சேத்துப் புடிச்சு, ஸ்பூன்லதான் குடுக்கணும் மேடம். ஒரு வாய் எறங்கினதப் பாத்துட்டுதான் அடுத்தது."

அண்ணன் மூச்சு வாங்கியபடி பேசினார். "எழுதிக்கங்கம்மா. இவ கடைக்குப் போனா, செருப்புச் சத்தம் கேக்குற வரைக்கும் எச்சில் முழுங்கவே எனக்குப் பயம்."

தங்கை அவரையே பார்த்தாள். இத்தனை நாளும் பயம் தனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தாள்.

ஆபீசரம்மா பேனாவைத் திறந்தார். "காலைல எழுந்ததுலேருந்து என்னென்ன செய்வீங்க, சொல்லுங்க."

எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை. தங்கை நனைந்த சட்டையின் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தாள்.