பொறுமையானவர், நேரம் தவறாதவர்

எங்கள் பேராசிரியருக்கு லேபில் நாங்கள் வைத்திருந்த பட்டப்பெயர் 'கையெழுத்து'. அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் புகழ்ச்சி என்றுதான் நினைத்திருப்பார். மனுஷனுடைய கையெழுத்து அவ்வளவு அழகு. அதற்கு மேலே உள்ள எழுத்தெல்லாம் என்னுடையது.

பரிந்துரைக் கடிதம் வேண்டுமென்று யார் போய் நின்றாலும் அவர் சொல்வது ஒன்றுதான்: "நீயே எழுதி எடுத்துட்டு வா, போட்டுத் தரேன்." ஆரம்பத்தில் அவரவர் கடிதத்தை அவரவர்தான் எழுதினோம். நான் சேர்ந்த மூன்றாம் வருடம், எங்களுக்கு மூத்த மாணவர் ஒருவர் தன்னைப் பற்றி 'ஒப்பற்ற அறிவாளி' என்று எழுதிக் கொடுத்துவிட்டார். கையெழுத்து அதைத் தேநீர் நேரத்தில் எல்லோர் முன்னாலும் ராகம் போட்டுப் படித்தார். வயிறு வலிக்கச் சிரித்தோம். நானும்தான். எழுதிய அந்த மூத்தவர் குடிக்காத தேநீரைக் கொட்டி, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் எல்லோருடைய கடிதமும் என் தலையில் விழுந்தது. எனக்கு நடை நன்றாக வருகிறதாம். இளிச்சவாய் என்பதற்கு அது இன்னொரு பெயர்.

நான் பார்ப்பது உப்பு மண்ணில் வளரும் செடிகளின் வேர். வேரைப் பிடுங்கிப் பார்த்தால் அது செத்த வேர். உயிரோடு பார்க்கவேண்டும் என்றால் நாலு விரல் கனத்துக்கு ஒடுங்கிய கண்ணாடித் தொட்டியில் வளர்க்கவேண்டும், வேரும் கண்ணாடியை ஒட்டி வரவேண்டும். உப்பு மண்ணில் அது வராது, நடுவிலேயே சுருண்டு கிடக்கும். இரண்டு வருடம் தலையால் தண்ணீர் குடித்த பிறகு, கண்ணாடியை ஒட்டி ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் உப்பைக் குறைத்து வைத்துப் பார்த்தேன். ஒன்பதாம் நாள் காலை, வெள்ளை வெளேரென்று வேர் கண்ணாடியில் வந்து படர்ந்திருந்தது. லேபில் யாருமில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. என் வாழ்க்கையில் நானே யோசித்து, நானே செய்து, நானே கண்டது அது ஒன்றுதான்.

இளம் ஆய்வாளர் ஃபெலோஷிப்புக்கு முனைவர் பட்டம் வாங்கி ஐந்து வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். எனக்கு நான்கு வருடம் பத்து மாதம் ஆகியிருந்தது. கிடைத்தால் ஐந்து வருடம் என் சொந்த ஆராய்ச்சி, கதவில் என் பெயர். கிடைக்காவிட்டால் லேபில் என் தற்காலிக வேலை வருடக் கடைசியோடு சரி, சன்னலோரம் நிற்கும் நாற்பது தொட்டிகளும் வேறு யார் கைக்கோ போகும். அடுத்த முறை என்ற பேச்சுக்கே இடமில்லை.

அதே ஃபெலோஷிப்புக்கு, லேபில் நாங்கள் சின்னவன் என்று கூப்பிடும் பையனும் போட்டான். எனக்கு மூன்று வருடம் இளையவன், என்னிடம்தான் தொட்டி கழுவக் கற்றுக்கொண்டான். "அக்கா, என்னைப் பத்தி கொஞ்சம் நல்லதா எழுதுங்கக்கா. வீட்ல குழந்தை பொறந்து நாப்பது நாள் ஆகுது, என் மாமனார் என்னைப் பாக்கற பார்வையே சரியில்ல" என்றான்.

"உன்னைப் பத்தி நல்லதா எழுதணும்னா கதைதான்டா எழுதணும்."

"கதையே எழுதுங்க. படிக்கப் போறது தேர்வுக் குழுதானே."

அவன் கடிதத்தை ஒரே மூச்சில் எழுதினேன். அவன்மேல் எனக்குப் பாசம் உண்டு, பாசம் இருந்தால் கை தானாக ஓடும். 'இவரைப் போன்ற மாணவர் பத்தாண்டுக்கு ஒருவர்தான் வருவார்' என்று எழுதினேன். ஆய்வு முறைகளில் இவருடைய பங்கு என்ன என்று படிவம் கேட்டது. தொட்டிகளின் அளவைச் சிறிதாக்கியது அவன்தான், அதனால் 'எங்கள் ஆய்வகத்தின் கண்ணாடித் தொட்டி முறை இவர் கையில்தான் முழுமை பெற்றது' என்று எழுதினேன். பொய்யில்லை. கொஞ்சம் மெருகு, அவ்வளவுதான்.

பிறகு என் கடிதத்துக்கு உட்கார்ந்தேன். 'சிறந்த' என்று அடித்தேன், அழித்தேன். 'குறிப்பிடத்தக்க' என்று அடித்தேன், அதையும் அழித்தேன். ஒவ்வொரு சொல்லுக்கும் கையெழுத்து ராகம் போட்டுப் படிப்பது காதில் கேட்டது. கடைசியில் நின்றது இதுதான்: 'பொறுமையானவர், நேரம் தவறாதவர். ஆய்வகத்தை ஒழுங்காக வைத்துக்கொள்வார். கண்ணாடித் தொட்டி முறையை நிறுவுவதில் உதவினார்.'

உதவினாராம்! யாருக்கு?

என் வீட்டுக்காரர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். சாப்பாட்டு மேசையில் கிடந்த தாளை எடுத்துப் படித்தவர், "இதென்ன, வீட்டு வேலைக்கு வந்தவங்க வேற வீடு மாறும்போது குடுக்கற சீட்டு மாதிரி இருக்கு?" என்றார்.

"உங்களுக்கு லென்ஸ் தேய்க்கத்தான் தெரியும். அந்த வேலையப் பாருங்க."

"தேய்க்கறவன்தான் சொல்றேன். இது மங்கலா இருக்கு. பவர் பத்தாது."

"என் ஆராய்ச்சிய பாத்துத்தான் குடுப்பாங்க, இதப் பாத்து இல்ல."

"அப்புறம் எதுக்கு இதக் கேக்கறாங்க?"

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அவர் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். சரி என்பதாலேயே கோபம் பொத்துக்கொண்டு வந்தது. திருத்தவில்லை. மறுநாள் பேராசிரியர் இரண்டையும் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். அவருடைய மின்னஞ்சல் கடவுச்சொல்லும் எனக்குத்தான் தெரியும் என்பதால், அவர் பெயரில் நானே இரண்டையும் அனுப்பினேன். என் விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் 'எனக்காக எழுதப்பட்ட பரிந்துரைக் கடிதத்தை நான் பார்க்கவில்லை' என்று ஒரு கட்டம் இருந்தது. டிக் போட்டேன். பொய் சொல்லக் கூச்சம் வரவில்லை, என்னைப் புகழத்தான் கூச்சம் வந்தது. என்ன பிறவியோ!

நேர்முகத் தேர்வில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்த அம்மாதான் தலைவர், கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தார். இருபது நிமிடம் வேரைப் பற்றிப் பேசினேன். நன்றாகவே பேசினேன். ஓரத்தில் இருந்தவர் பேனாவை வைத்துவிட்டு முன்னால் சாய்ந்து கேட்டார். கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு தாளை எடுத்தார். தூரத்திலேயே அடையாளம் தெரிந்தது. அரைப் பக்கம், அடியில் அந்த அழகான கையெழுத்து.

"இந்தத் தொட்டி முறைய நீங்கதான் கண்டுபிடிச்சதா விண்ணப்பத்துல எழுதியிருக்கீங்க. உங்க வழிகாட்டி அப்படிச் சொல்லலையேம்மா. நீங்க உதவினதாத்தான் சொல்றார்."

"நான்தான் மேடம் கண்டுபிடிச்சேன்."

"ஒரு கடிதம் மட்டும் இல்ல. உங்க லேப்லேர்ந்தே இன்னொருத்தரும் வந்திருக்கார். அவர் கையிலதான் அந்த முறை முழுமை பெற்றதுன்னு அதே பேராசிரியர் எழுதியிருக்கார்." அவர் குரலில் குத்தல் இல்லை, வருத்தம்தான் இருந்தது. "பத்து வருஷம் உங்களப் பக்கத்துல இருந்து பாத்தவர், உங்களப் பத்தி நேரம் தவறாதவர்னு மட்டும் எழுதறார்னா, நாங்க என்ன எடுத்துக்கறது? அவர் பொய் சொல்றார்ங்கறீங்களா?"

இரண்டையும் எழுதியவள் நான்தான் என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். சொன்னால் டிக் போட்ட கட்டம் பொய்யாகும், என் விண்ணப்பம் அங்கேயே குப்பைக்குப் போகும். சின்னவன் கடிதமும் செல்லாது. அவன் கைக்குழந்தையும் மாமனாரும் கண்முன் வந்தார்கள். ஓரத்தில் இருந்தவர் பேனாவை மறுபடி கையில் எடுத்தார்.

"இல்ல மேடம்," என்றேன். "சார் பொய் சொல்ல மாட்டார்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். சொல்லவேண்டியதைச் சொல்லாமல் கெட்ட நுணல் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பதினேழு நாள் கழித்து முடிவு வந்தது. சின்னவனுக்குக் கிடைத்தது. எனக்கு இரண்டு வரி மின்னஞ்சல். அவன் தொட்டி அறைக்கு ஓடி வந்து, என் முகத்தைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"அக்கா, நான் அங்க சொன்னேன்கா. இது எங்க அக்காவோட யோசனை, நான் தொட்டிய சின்னதாக்கினேன், அவ்வளவுதான்னு சத்தியமா சொன்னேன். நான் அடக்கமா பேசறேன்னு நெனச்சு சிரிச்சுட்டாங்க."

அவன் கண் கலங்கியிருந்தது. அவனை நாலு வார்த்தை திட்டவாவது முடிந்திருக்கலாம். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டான் பாவி. "போடா, போய் வீட்டுக்கு ஃபோன் போடு," என்றேன். அவன் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு நாற்பது தொட்டிகளுக்கும் தண்ணீர் விட்டேன். அன்று தண்ணீர் விடும் நாளே இல்லை.

வருடக் கடைசிக்கு மூன்று வாரம் இருந்தது. ஒரு கல்லூரியில் செய்முறை வகுப்பு எடுக்க ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டேன். ஆராய்ச்சி கிடையாது, சோதனைக் குழாய் கழுவுகிற பிள்ளைகளை மேய்க்கவேண்டும். அதற்கும் ஒரு பரிந்துரைக் கடிதம் கேட்டார்கள். கையெழுத்தின் அறைக்குப் போனேன்.

"ரொம்ப வருத்தமாயிடுச்சும்மா," என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார், அதைச் சொல்லத்தான் வேண்டும். "சரி, நீயே எழுதி எடுத்துட்டு வா."

"இந்தத் தடவை நீங்க எழுதுங்க சார்."

"நானா?"

"நீங்கதான். நான் இங்கயே உக்காந்திருக்கேன்."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். பேனா மூடியைத் திறந்தார், மூடினார், திறந்தார். நான் எந்த வருடம் சேர்ந்தேன் என்று கேட்டார். சொன்னேன். நான்கு வரி எழுதினார். பிறகு நெற்றியைச் சொறிந்தார்.

"முக்கியமா ஒண்ணு சொல்லணுமே. நீ பெருசா எதாவது பண்ணியிருப்பியே, எது?"

"கண்ணாடித் தொட்டி, சார்."

அவர் தலை நிமிர்ந்தது. கள்ளம் கபடம் எதுவும் அந்த முகத்தில் இல்லை. பிள்ளை தப்பாக விடை சொன்னால் வாத்தியார் பார்க்கிற மாதிரிப் பரிவோடு பார்த்தார்.

"அது சின்னவனோடதும்மா. முடிவு வந்தன்னிக்கு ரெண்டு கடிதத்தையும் எடுத்துப் படிச்சேன், நானே என் கையெழுத்துப் போட்டு எழுதிக் குடுத்திருக்கேனே."

அவர் கையெழுத்தைப் போட்டு, மை காய ஒரு முறை ஊதி, தாளை என்னிடம் நீட்டினார். வராந்தாவுக்கு வந்துதான் படித்தேன். பொறுமையானவர், நேரம் தவறாதவர் என்று ஆரம்பித்திருந்தார்.